வருமான வரிப் படிவக் கொடையும் மருத்துவ ஆய்வும்

வருமான வரிப் படிவக் கொடை என்பது, ஒருவர் தம் ஆண்டு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அதே படிவத்தில் ஒரு தொகையை எழுதி, அதனை ஒரு குறிப்பிட்ட பொதுநோக்கத்துக்குத் தாமாக முன்வந்து வழங்கும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது "செக்-ஆஃப்" என அழைக்கப்படுகின்றது. அந்நாட்டில் வருமான வரி விதிக்கும் மாநிலங்களில் ஏறத்தாழ அனைத்திலும் இம்முறை ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது. டெக்சாசு, புளோரிடா போன்ற மாநிலங்களில் தனிநபர் வருமான வரி இல்லாமையால் இம்முறைக்கும் இடமில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்பு, குழந்தைகள் நலம் முதலியவற்றுடன் மார்பகப் புற்றுநோய், ஆல்சைமர் நோய் போன்றவை பற்றிய மருத்துவ ஆய்வும் இக்கொடைகளால் நிதி பெறுகின்றது. கலிபோர்னியா மாநிலத்தின் மார்பகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

இவ்வழியில் திரளும் பணம் சிறிது. நடுவண் அரசின் தேசிய நல்வாழ்வு நிறுவனங்கள் 2023 நிதியாண்டில் 4,700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒதுக்கீட்டைப் பெற்றன. ஒரு மாநிலத்தின் ஒரு நோய்க்கான படிவக் கொடையோ ஆண்டுக்குச் சில லட்சம் டாலர் அளவிலேயே அமைகின்றது. ஆயினும் பெரிய நிதிநிறுவனங்கள் தயங்கும் கேள்விகளுக்கு அச்சிறுதொகை பயன்பட்டதும், அதனைப் படிவத்தில் தக்கவைத்துக் கொள்ள ஆண்டுதோறும் போராட வேண்டியிருப்பதும் இம்முறையின் தனித்தன்மைகளாகும்.

கொடை, கழிவு, ஒதுக்கீடு

ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று முறைகள் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக் கொள்ளப்படுகின்றன.

முதலாவது, அறக்கொடைக் கழிவு. ஒருவர் ஆண்டின் நடுவில் ஒரு மருத்துவ அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்கிறார். பின்னர் வரிக்கணக்கில் அத்தொகையைக் காட்டி வரிச்சலுகை பெறுகிறார். இங்கு வரிப்படிவம் ஏற்கெனவே நடந்த கொடையைப் பதிவு செய்கிறது, அவ்வளவே.

இரண்டாவது, இக்கட்டுரை பேசும் படிவக் கொடை. கொடை படிவத்தின் மீதே நிகழ்கின்றது. கொடுப்பவரின் சொந்தப் பணமே செல்கின்றது, வரி குறைவதில்லை.

மூன்றாவது, வரி ஒதுக்கீடு. ஏற்கெனவே செலுத்த வேண்டிய வரியின் ஒரு பகுதி எந்நோக்கத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை மட்டும் வரி செலுத்துபவர் குறிப்பிடுகிறார். அவர் கூடுதலாக ஒரு காசும் கொடுப்பதில்லை. இத்தாலியின் "ஆயிரத்துக்கு ஐந்து" திட்டமும், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நிதியத்துக்கான கட்டமும் இவ்வகையின.

இரண்டாவது முறைக்கும் மூன்றாவது முறைக்கும் இடையிலான வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். திரளும் தொகையைப் பார்த்தால் அது எத்துணைப் பெரிது என்பது விளங்கும். இது பின்னர் இத்தாலி பற்றிய பகுதியில் விளக்கப்படுகின்றது.

வரலாறு

அமெரிக்க வரிப்படிவத்தில் இவ்வாறான கட்டம் முதலில் இடம்பெற்றது அரசியலுக்காகவே. 1971-ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டத்தின்படி, குடியரசுத் தலைவர் தேர்தல் செலவுக்காகத் தம் வரியில் 1 டாலரை ஒதுக்குமாறு குடிமக்கள் குறிப்பிட இயன்றது. 1993-இல் இது 3 டாலராக உயர்த்தப்பட்டது. முதல் ஆண்டில் இதற்கெனத் தனித்தாள் ஒன்று வைக்கப்பட்டது. அதனைத் தேடி எடுத்து நிரப்பியோர் மிகச் சிலர். மறு ஆண்டில் அதே கேள்வி முதன்மைப் படிவத்தின் முகப்புக்கு மாற்றப்பட்டதும் பங்கேற்பு பெருமளவு உயர்ந்தது. படிவத்தில் ஒரு வரி எங்கே அமைகின்றது என்பதே அதன் விளைவைப் பெரிதும் தீர்மானிக்கும் என்பது அப்போதே தெரியவந்தது.

சொந்தப் பணத்தைக் கொடையாகப் பெறும் முறையைத் தொடங்கிய மாநிலம் கொலராடோ. வேட்டை உரிமக் கட்டணங்களால் கிடைத்த பணம் வேட்டையாடப்படும் விலங்குகளைப் பேணுவதற்கே செலவாயிற்று. வேட்டையாடப்படாத பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் நிதி வழி இல்லை. ஆகவே 1977-இல் அம்மாநிலம் அவற்றுக்கெனத் தன் வருமான வரிப் படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்தது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் பல மாநிலங்கள் இதனைப் பின்பற்றின. வழக்கமான வரவுசெலவுத் திட்டத்தில் இடம் கிடைக்காத ஒன்று வரிப்படிவத்தில் இடம் தேடுவது என்னும் இப்போக்கே பின்னாளில் நோய்களுக்கும் பொருந்திற்று.

1980-களில் ஆல்சைமர் நோயும், 1990-களில் மார்பகப் புற்றுநோயும் படிவங்களில் ஏறின. இவற்றுள் இரண்டாவதன் வரவுக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. எய்ட்சு நோயாளிகள் 1980-களில் நடத்திய போராட்டங்களைக் கண்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள், தம் நோய் பற்றிய ஆய்வுக்குப் போதிய நிதி இல்லை என்றும், அந்நிதி எதற்குச் செலவாக வேண்டும் என்பதில் தமக்கும் குரல் வேண்டும் என்றும் கோரத் தொடங்கினர். 1990-இல் சான் பிரான்சிசுகோவில் தொடங்கப்பட்ட "பிரெசுட் கேன்சர் ஆக்சன்" அவ்வாறான அமைப்புகளுள் ஒன்று. நியூயார்க்கின் லாங் தீவில் நோய் மிகுதியாகக் காணப்படுவதற்குச் சுற்றுச்சூழல் காரணமா என ஆராய வேண்டும் என்று அங்குள்ள பெண்கள் வற்புறுத்தியதன் விளைவாக 1993-இல் நடுவண் சட்டம் ஒன்றே இயற்றப்பட்டது.

செயற்படும் முறை

கலிபோர்னியாவின் 540 எண் கொண்ட வருமான வரிப் படிவத்தில் "தன்விருப்பக் கொடைகள்" என ஒரு பகுதி உள்ளது. ஒவ்வொரு நிதியத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. ஆல்சைமர் நோய்க்கு 401, அருகிவரும் உயிரினங்களுக்கு 403, மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு 405, கடல் நீர்நாய்க்கு 410, பொதுவான புற்றுநோய் ஆய்வுக்கு 413 என்றவாறு இவை அமைந்துள்ளன. நோயும் நீர்நாயும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பது புதியவருக்கு வியப்பளிக்கக்கூடும்.

கொடையாளர் விரும்பிய வரிக்கு எதிரே 1 டாலரோ அதற்கு மேலோ முழுத்தொகையாக எழுத வேண்டும். ஒருவருக்கு அரசு 180 டாலரைத் திருப்பித்தர வேண்டியிருக்கின்றது எனக் கொள்வோம். அவர் 405-க்கு எதிரே 10 என எழுதினால் அவருக்கு 170 டாலர் வந்து சேரும். மாறாக அவர் அரசுக்கு 60 டாலர் கட்ட வேண்டியவராயின், 70 டாலராகக் கட்டுவார். சில மாநிலங்களில் திரும்பப்பெறும் தொகை உள்ளவர் மட்டுமே கொடுக்க இயலும். கலிபோர்னியாவில் அக்கட்டுப்பாடு இல்லை. இவ்வாறு கொடுத்த தொகையை அடுத்த ஆண்டு, கழிவுகளைப் பட்டியலிட்டுக் கோருவோர், நடுவண் வரிக்கணக்கில் அறக்கொடையாகக் காட்டலாம்.

மாநில வரி வாரியம் கொடைகளைத் தொகுத்து, தன் நடைமுறைச் செலவைக் கழித்துக்கொண்டு, உரிய துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாற்றுகின்றது. கொடையாளர் விண்ணப்பம் நிரப்புவதோ காசோலை எழுதுவதோ இல்லை. அதேவேளை, வரி விவரங்கள் இரகசியமானவை என்பதால் பணம் பெறும் அமைப்புக்குக் கொடுத்தவர் யார் எனத் தெரிவதில்லை. வழக்கமான அறக்கட்டளை ஒன்று சென்ற ஆண்டு கொடுத்தவருக்கு நன்றி கூறி, இவ்வாண்டும் கேட்கும். படிவக் கொடையில் அது இயலாது. ஒவ்வோர் ஆண்டும் முன்பின் அறியாதவரிடம் புதிதாகக் கேட்பதைப் போன்றதே இது.

கலிபோர்னியா மார்பகப் புற்றுநோய் ஆய்வு

1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னிய வரிப்படிவத்தில் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கான வரி சேர்க்கப்பட்டது. அதனையொட்டியே பெரிய நிதிவழி ஒன்றும் திறந்தது. சட்டமன்ற உறுப்பினர் பார்பரா ஃபிரீட்மன் கொண்டுவந்த 1993-ஆம் ஆண்டின் மார்பகப் புற்றுநோய்ச் சட்டம், சிகரெட்டுப் பெட்டி ஒன்றுக்கு 2 சென்ட் கூடுதல் தீர்வை விதித்தது. இவ்வருவாயில் 50 விழுக்காடு வசதியற்ற பெண்களுக்கான நோய் கண்டறிதலுக்கும், 45 விழுக்காடு ஆய்வுக்கும், 5 விழுக்காடு மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கும் செல்லுமாறு பிரிக்கப்பட்டது. ஆய்வுப் பங்கை நிருவகிக்கக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின்கீழ் "கலிபோர்னியா மார்பகப் புற்றுநோய் ஆய்வுத் திட்டம்" அமைக்கப்பட்டது. சிகரெட்டுத் தீர்வை, வரிப்படிவக் கொடை, தனியார் நன்கொடை ஆகிய மூன்றும் இத்திட்டத்தின் வருவாய்கள். இவற்றுள் தீர்வையே பெரும்பங்கு.

இவ்வமைப்பில் ஒரு முரண் உள்ளது. மக்கள் புகைப்பதைக் குறைக்கக் குறைக்கத் தீர்வை வருவாயும் குறைகின்றது. பொதுநலத்தின் வெற்றியே ஆய்வுத்திட்டத்தின் இழப்பாகின்றது. 2016-இல் வாக்காளர்கள் ஏற்ற 56-ஆவது முன்மொழிவு சிகரெட்டுத் தீர்வையை 87 சென்டிலிருந்து 2 டாலர் 87 சென்டாக உயர்த்தியபோது, அவ்வுயர்வால் விற்பனை குறைந்து பழைய நிதியங்களுக்கு ஏற்படும் இழப்பைப் புதிய வருவாயிலிருந்து ஈடுசெய்யும் ஏற்பாட்டையும் சேர்க்க வேண்டியதாயிற்று. எனினும் காலப்போக்கில் தானாகக் குறையும் விற்பனைக்கு அது மருந்தன்று. புகைப்பவரை நம்பியிராத வருவாய் என்னும் வகையில் வரிப்படிவக் கொடை அதன் அளவை மீறிய முதன்மை பெறுகின்றது.

இத்திட்டத்தின் பணம் செலவிடப்பட்ட விதமும் குறிப்பிடத்தக்கது. நோயுற்ற பெண்களின் அமைப்புகளைச் சேர்ந்தோர் திட்டத்தின் ஆலோசனை மன்றத்தில் உறுப்பினராயினர். ஆய்வு விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களிலும் அறிவியலாளர்களுடன் அமர்ந்தனர். "ஐடியா" என்னும் பெயரில் வழங்கப்பட்ட சிறு நல்கைகள், முன்சான்று இல்லாத, தோல்வியுறும் வாய்ப்பு மிகுந்த புதுக்கருத்துகளைச் சோதிப்பதற்கானவை. நடுவண் அரசின் பெருநிதியைப் பெற ஓர் அறிவியலாளர் தொடக்கநிலைத் தரவுகளைக் காட்ட வேண்டியிருக்கும். அத்தரவுகளைத் திரட்டவோ பணம் வேண்டும். இவ்விடைவெளியை நிரப்புவதே சிறு நல்கையின் பணி. 1997 முதல், ஊர்ச் சமூக அமைப்பொன்றும் அறிவியலாளர் ஒருவரும் இணைந்து விண்ணப்பிக்கும் கூட்டாய்வு நல்கைகளும் வழங்கப்பட்டன. 2004-இல், சுற்றுச்சூழலுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பு, இன, பொருளாதாரப் பிரிவுகளிடையே நோய்ச்சுமை வேறுபடுவதன் காரணம் ஆகியவற்றுக்கு நிதியில் 30 விழுக்காட்டை ஒதுக்கத் திட்டத்தின் மன்றம் முடிவு செய்தது. இவ்விரு கேள்விகளும் இயக்கத்தினர் தொடக்கம் முதல் எழுப்பியவை.

ஆசிரியைகள் ஆய்வு

"கலிபோர்னியா ஆசிரியர்கள் ஆய்வு" இந்நிதிவழிகளின் துணையுடன் உருவான பெரிய ஆய்வாகும். கலிபோர்னியாவின் பள்ளி ஆசிரியைகளிடையே மார்பகப் புற்றுநோய் பிற பெண்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. அதன் காரணத்தை அறிய, மாநில ஆசிரியர் ஓய்வூதிய அமைப்பைச் சேர்ந்த பெண்களுக்கு 1995-இல் வினாத்தாள்கள் அனுப்பப்பட்டன. 133,479 பேர் நிரப்பி அனுப்பினர். அவர்களின் உணவு, உடற்பயிற்சி, மகப்பேறு, இயக்குநீர் மருந்து, புகைப்பழக்கம் முதலியன பதிவு செய்யப்பட்டு, மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டுடன் ஆண்டுதோறும் ஒப்பிடப்பட்டன. யார் எப்போது நோயுற்றனர் என்பதை இவ்வாறு அவர்களை மீண்டும் தொந்தரவு செய்யாமலே அறிய முடிந்தது.

இவ்வாய்வின் தொடக்கக் காலக் கட்டுரைகள் தம் நிதி ஆதாரங்களாக 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், தேசிய நல்வாழ்வு நிறுவனங்களையும், கலிபோர்னியா மார்பகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தையும் குறிப்பிடுகின்றன. வரிப்படிவத்தில் காணப்படும் பெயரும் இதுவே.

ஆய்வின் முடிவுகளுள் ஒன்று அதன் நிதிவரலாற்றோடு விந்தையாகப் பொருந்துகின்றது. புகைப்பழக்கத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டா என்பது நெடுங்காலம் தெளிவற்றிருந்தது. 2004-இல் வெளியான இவ்வாய்வின் கட்டுரை, புகைபிடிக்கும் பெண்களிடையே நோய் வாய்ப்புக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது; வீட்டில் பிறர் விடும் புகைக்கும் நோய்க்கும் அவ்வாறான தொடர்பு அதில் காணப்படவில்லை. சிகரெட்டுத் தீர்வையால் வளர்ந்த ஆய்வு சிகரெட்டைப் பற்றியே ஒரு செய்தியைச் சொல்லிற்று.

படிவத்தில் நிலைத்திருத்தல்

ஒரு நோய் படிவத்தில் ஏறுவதைவிட அங்கே நீடிப்பது கடினம். கலிபோர்னியாவில் ஒவ்வொரு நிதியமும் தனிச்சட்டத்தால் உருவாக்கப்படுகின்றது. அச்சட்டத்துக்குக் காலவரம்பு உண்டு. வரம்பு முடியுமுன் சட்டமன்றம் நீட்டிக்காவிடில் வரி தானாக நீங்கும். குறைந்தபட்சத் தொகை விதியும் உண்டு. பெரும்பாலான நிதியங்கள் ஆண்டுக்கு 250,000 டாலரையாவது திரட்ட வேண்டும். திரட்டாதவை படிவத்திலிருந்து நீக்கப்படும். 2016-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று புதிய நிதியங்கள் அனைத்துக்கும் ஒரே ஒழுங்கைக் கொண்டுவந்தது. இதன்படி காலவரம்பு 7 ஆண்டுகள். குறைந்தபட்சத் தொகை இரண்டாம் ஆண்டு முதல் பொருந்தும். பெறும் அமைப்பு பணத்தை எவ்வாறு செலவிட்டது எனத் தன் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும். சட்டமன்றம் ஆண்டுதோறும் தனியே ஒதுக்காமலே பணம் உரிய இடத்துக்குச் செல்லவும் அச்சட்டம் வழிசெய்தது. முன்னர் ஒதுக்கீடு தவறினால் மக்கள் கொடுத்த பணம் கணக்கில் முடங்கிக் கிடக்க நேரும்.

குறைந்தபட்சத் தொகை விதிக்குக் காரணம் உண்டு. படிவத்தின் இடம் வரம்புடையது. ஒவ்வொரு வரிக்கும் அச்சும் கணக்கும் செலவு வைக்கின்றன. ஆனால் இவ்விதி நோயின் கடுமையை அளப்பதில்லை, அதன் புகழையே அளக்கின்றது. மார்பகப் புற்றுநோய் பலர் குடும்பத்தில் கண்ட நோய். அரிய நோய்க்கு அவ்வாறான ஆதரவு இயல்பாக அமைவதில்லை.

ஏ.எல்.எசு எனப்படும் நரம்புத் தசை நோய் இதற்குச் சான்று. இயக்க நரம்புகள் படிப்படியாக அழிந்து, நோயாளி அசைவையும் பேச்சையும் இறுதியில் மூச்சையும் இழக்கும் இந்நோய்க்கான ஆய்வு நிதியம் 2010-ஆம் ஆண்டின் கலிபோர்னியப் படிவத்தில் 414 என்ற குறியெண்ணுடன் இருந்தது. பின்னர் அது படிவத்திலிருந்து மறைந்தது. இதே நோய்க்காக 2014 கோடையில், தலையில் பனிநீர் வாளியைக் கவிழ்த்துக்கொள்ளும் அறைகூவல் சமூக ஊடகங்களில் பரவியபோது, அமெரிக்க ஏ.எல்.எசு சங்கத்துக்குச் சில வாரங்களில் 11.5 கோடி டாலர் குவிந்தது. அப்பணத்தின் ஒரு பகுதியால் நடைபெற்ற மரபணு ஆய்வு 2016-இல் "என்.ஈ.கே.1" என்னும் மரபணுவுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பைக் கண்டறிந்தது. கொடுக்கும் மனம் மக்களிடம் இல்லாமலில்லை. வரிக்கணக்கு எழுதும் வேளையில் அது எழுவது அரிது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

பிற மாநிலங்கள்

நியூயார்க்கில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் மார்பகப் புற்றுநோய் ஆய்வு, கல்வி நிதியத்தை உருவாக்கியது. அதே சட்டம் மாநிலத்தில் பூச்சிக்கொல்லி விற்பனையையும் பயன்பாட்டையும் பதிவு செய்ய ஆணையிட்டு, நிதியை மேற்பார்வையிட நோயிலிருந்து மீண்டோரும் இடம்பெறும் ஓர் அறிவியல் வாரியத்தையும் அமைத்தது. சுற்றுச்சூழல் பற்றிய ஐயமும் ஆய்வு நிதியும் இங்கு ஒரே சட்டத்தில் பிணைந்தமை நோக்கத்தக்கது. பின்னாளில் மக்கள் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் மாநில அரசு ஒரு டாலரை இணைநிதியாகச் சேர்க்கும் ஏற்பாடும் வந்தது. ஆல்சைமர் நோய், ஆண்களுக்கு வரும் முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் ஆகியனவும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. பட்டியல் நீண்டதனால் கொடைகள் முதன்மைப் படிவத்திலிருந்து ஒரு தனித்தாளுக்கு மாற்றப்பட்டன. தேர்தல் நிதியத்தின் முதலாண்டு அனுபவத்தை நினைவூட்டும் மாற்றம் இது.

இலினாய் மாநிலத்தின் மார்பக, கருப்பைக்கழுத்துப் புற்றுநோய் ஆய்வு நிதியத்துக்கு, 1998 பிப்ரவரியில் மார்பகப் புற்றுநோயால் இறந்த மாநில மேலவை உறுப்பினர் பென்னி செவர்ன்சின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே குறைந்தபட்சத் தொகை 100,000 டாலர். பென்சில்வேனியாவிலும் நியூ செர்சியிலும் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கான வரிகள் உள்ளன.

நடுவண் அரசு

நடுவண் வருமான வரிப் படிவத்தில் மருத்துவ ஆய்வுக்கான கொடை வரி ஏற்படுத்தப்படவில்லை. மாறாக வேறொரு வழி கண்டறியப்பட்டது. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகர அறுவை மருத்துவர் எர்னி போடாய் முன்வைத்த கருத்தின்படி, அமெரிக்காவின் முதல் கொடை அஞ்சல்தலை 1998 சூலை 29 அன்று வெளியிடப்பட்டது. வழக்கமான அஞ்சல்தலை 32 சென்ட் விற்ற காலத்தில் மார்பகப் புற்றுநோய் ஆய்வு அஞ்சல்தலை 40 சென்டுக்கு விற்கப்பட்டது. கூடுதல் தொகையில் 70 விழுக்காடு தேசிய நல்வாழ்வு நிறுவனங்களுக்கும், 30 விழுக்காடு பாதுகாப்புத் துறையின் மார்பகப் புற்றுநோய் ஆய்வுத் திட்டத்துக்கும் சென்றது. இதுவரை 100 கோடிக்கு மேற்பட்ட தலைகள் விற்று, 9 கோடி டாலருக்கு மேல் திரண்டுள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எதிர்ப்படும் வரிப்படிவத்தைவிட, கடிதம் எழுதும் ஒவ்வொரு முறையும் எதிர்ப்படும் அஞ்சல்தலை இங்கு மேம்பட்டது.

நடுவண் வரிப்படிவத்தின் அந்தப் பழைய தேர்தல் கட்டமும் எதிர்பாராத வகையில் மருத்துவ ஆய்வோடு தொடர்புற்றது. 1980 அளவில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் அக்கட்டத்தில் குறியிட்டனர். 2010-களின் இறுதியில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்நிதியிலிருந்து குடியரசு, சனநாயகக் கட்சிகளின் மாநாடுகளுக்கும் பணம் வழங்கப்பட்டு வந்தது. 2012-இல் கட்சி ஒன்றுக்குச் சுமார் 1.8 கோடி டாலர். வர்சீனியாவைச் சேர்ந்த கேபிரியெல்லா மில்லர் என்னும் சிறுமி, மூளைத்தண்டில் தோன்றிய கட்டியால் 2013 அக்டோபரில் தன் 10-ஆம் வயதில் இறந்தார். நோயுற்றிருந்த காலத்தில் அவர், குழந்தைகளின் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி வேண்டிப் பொதுவெளியில் பேசியவர். அவர் பெயரால் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 3 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா கையொப்பமிட்ட சட்டம், கட்சி மாநாடுகளுக்கான பொதுநிதியை நிறுத்தி, குழந்தை நோய் ஆய்வுக்கு 10 ஆண்டுகளில் 12.6 கோடி டாலர் வரை செலவிட ஒப்புதல் அளித்தது. ஒப்புதல் வேறு, ஒதுக்கீடு வேறு, ஆண்டுதோறும் 1.26 கோடி டாலரைக் காங்கிரசு தனியே ஒதுக்க வேண்டியிருந்தது. இதன்வழி அமைந்த "கிட்சு ஃபர்சுட்" திட்டம் குழந்தைப் புற்றுநோயும் பிறவி உறுப்புக் குறைபாடும் உள்ள குழந்தைகளின், அவர்தம் பெற்றோரின் மரபணுத் தொகுதிகளைப் படித்து, அத்தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது.

இத்தாலியின் ஆயிரத்துக்கு ஐந்து

இத்தாலியில் 2006 முதல் வருமான வரி செலுத்துவோர் தம் வரியில் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாம் விரும்பும் அமைப்புக்குத் திருப்பிவிடலாம். படிவத்தில் தன்னார்வ அமைப்புகள், அறிவியல் ஆய்வும் பல்கலைக்கழகங்களும், நலவாழ்வு ஆய்வு முதலியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. ஒன்றில் கையொப்பமிட்டு, விரும்பும் அமைப்பின் வரி எண்ணையும் எழுதலாம். 4,000 யூரோ வரி செலுத்துபவர் இவ்வாறு 20 யூரோவை ஆய்வுக்கு அனுப்புகிறார். அவர் செலுத்தும் வரி 4,000 யூரோவாகவே இருக்கும். கையொப்பமிடாதோரின் பங்கு அரசிடமே தங்கிவிடும். சமய அமைப்புகளுக்கான "ஆயிரத்துக்கு எட்டு" என்னும் முந்தைய திட்டம் இதனின் வேறானது. அதில் எதையும் தேர்ந்தெடுக்காதோரின் பங்கும், தேர்ந்தெடுத்தோரின் விகிதப்படி பகிர்ந்தளிக்கப்படும்.

1965-இல் நிறுவப்பட்ட இத்தாலியப் புற்றுநோய் ஆய்வுச் சங்கம் இத்திட்டத்தில் மிகுதியான பணம் பெறும் அமைப்பாக விளங்கி வருகின்றது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைத் தேர்ந்தெடுக்க, ஆண்டுக்குப் பல கோடி யூரோக்கள் அதற்குக் கிடைக்கின்றன. கலிபோர்னியக் கொடை வரியோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்கை ஒட்டிய தொகை. இத்தாலியர் அமெரிக்கரைவிட ஈகைமிக்கவர் என இதனால் கொள்ளலாகாது. இங்கே கொடுப்பது அரசின் பணம். அங்கே தம் பணம்.

இலவசமான தேர்வுக்கும் எல்லை உண்டு. 2015 முதல் இத்திட்டத்தின் மொத்தச் செலவுக்கு 50 கோடி யூரோ என வரம்பு விதிக்கப்பட்டது. 2022-இல் அது 52.5 கோடியாயிற்று. மக்கள் தேர்ந்தெடுத்த தொகை வரம்பை மீறினால், ஒவ்வொரு அமைப்பின் பங்கும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அங்கேரி 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரியில் 1 விழுக்காட்டை இவ்வாறு ஒதுக்கும் முறையைத் தொடங்கியது. சிலோவாக்கியா, லித்துவேனியா, போலந்து, உருமேனியா ஆகியனவும் இதனை ஒத்த முறைகளை ஏற்றன. போலந்தில் இப்பணத்தின் கணிசமான பகுதி ஆய்வுக்கன்றி, தனித்தனிக் குழந்தைகளின் சிகிச்சைச் செலவுக்கே செல்கின்றது.

விமர்சனங்கள்

ஒரு நோய்க்கான வரி படிவத்தில் இருக்கும்போது, அரசு அந்நோய்க்குத் தன் கடமையைச் செய்துவிட்டதாக ஒரு தோற்றம் எழுகின்றது என்பது இம்முறை மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. ஒரு வரியைச் சேர்ப்பது சட்டமன்ற உறுப்பினருக்கு எளிது. அதற்காக வரி உயர்த்தவோ வேறு செலவை வெட்டவோ வேண்டியதில்லை. நோயாளர் அமைப்பிடம் அவர் மறுக்கவும் வேண்டியதில்லை. பின்னர் போதிய பணம் திரளாவிடில் பழி மக்கள்மீது விழும்.

வரிகள் பெருகுவதும் ஒரு சிக்கல். கொடுப்போர் எப்போதும் மொத்த வரி செலுத்துவோரில் மிகச் சிறு பகுதியினரே. புதிய நோக்கம் சேரும்போது புதிய கொடையாளர் பலர் வருவதைவிட, இருக்கும் கொடை மேலும் பல கூறாகப் பிரிவதே மிகுதி. கொலராடோவில் தனித்து நின்றபோது காட்டுயிருக்குக் கிடைத்த கவனம், பட்டியல் நீண்டபின் நிலைக்கவில்லை. கணினி மென்பொருள் வழித் தாக்கல் பரவியதும், காகிதப் படிவத்தில் கண்ணில்பட்ட வரி பல திரைகளுக்குப் பின்னால் சென்றது. கணக்காளரிடம் வேலையை ஒப்படைப்போர், அவர் கேட்டால் ஒழிய, அவ்வரியைக் காண்பதே இல்லை.

ஆதரவாளர்கள் இக்குறைகளை மறுப்பதில்லை. சில லட்சம் டாலரால் ஒரு நோயைத் தீர்க்க இயலாது என்பதை ஏற்றுக்கொண்டே, இரண்டு மூன்று தொடக்க ஆய்வுகளுக்கு அது போதும் என்றும், அவற்றுள் ஒன்று தேறினால் நடுவண் நிதியைப் பெற அதுவே சான்றாகும் என்றும் அவர்கள் கூறுகின்றனர். இதனாலேயே ஒவ்வொரு தாக்கல் பருவத்திலும், வரிக்கணக்கின் இறுதி நாளான ஏப்ரல் 15-க்கு முன்பாக, 405 என்னும் எண்ணைக் கணக்காளர்களுக்கு நினைவூட்டும் வேலை கலிபோர்னியாவில் தொடங்குகின்றது.